நிரப்பிய பிடிஎஃப் படிவம் வெறுமையாகப் போய்ச் சேராமல் இருக்க

மும்பை சயானில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அக்கா ஒருவர், மகளின் கல்வி உதவித்தொகைக்கான படிவத்தை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து மடிக்கணினியில் நிரப்பி, மின்னஞ்சலில் அனுப்பினார். படிவம் நிரப்பப்படவில்லை என்று மறுநாள் ஒற்றை வரியில் பதில் வந்தது. "தம்பி, ஒண்ணு விடாம அடிச்சேன். இப்பத் திறந்து பாத்தா ஒரு எழுத்துகூட இல்ல" என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் படிவத்தைக் குரோம் உலாவியில் திறந்து நிரப்பியிருந்தார். கோப்பை இறக்கிக்கொள்ளும் பொத்தானை அழுத்தியபோது, செய்த மாற்றங்களுடன் வேண்டுமா, ஒரிஜினல் வேண்டுமா என்று குரோம் கேட்டிருக்கிறது. "ஒரிஜினல்னா அதுதானே நல்லது?" என்றார் அக்கா. சான்றிதழ் என்றாலே ஒரிஜினல் கேட்டுப் பழகிய நமக்கு அந்தச் சொல் வேறு எப்படித் தோன்றும்? ஆனால் அங்கே அதன் பொருள், ஒன்றுமே எழுதப்படாத பழைய கோப்பு என்பதுதான்.

நான் பார்த்தவரை, படிவச் சிக்கல்களில் பெரும்பாலானவை நிரப்பியவரின் தவறால் வருவன அல்ல. படிவம் எந்த வகையைச் சேர்ந்தது, அதை எந்த மென்பொருளில் திறந்தோம் என்பவற்றால் வருவன. ஆகவே தட்டச்சுக்குப் போகுமுன் அங்கிருந்தே தொடங்குவோம். கீழே சொல்பவை விண்டோஸ் கணினியையும், இலவசமாகக் கிடைக்கும் அடோபி அக்ரோபேட் ரீடரையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

முதற்படி: கையில் இருப்பது எந்த வகைக் கோப்பு?

கோப்பைத் திறந்து, பெயர் எழுத வேண்டிய இடத்தில் சுட்டியைக் கொண்டுபோய் அழுத்திப் பாருங்கள். துடிக்கும் கோடு தோன்றினால், அது நிரப்பத்தக்க படிவம். அக்ரோபேட் ரீடரில் இத்தகைய கட்டங்கள் பொதுவாக வெளிர்நீலமாகத் தெரியும். கட்டாயம் நிரப்ப வேண்டியவற்றைச் சுற்றிச் சிவப்புக் கோடு இருக்கும்.

எங்கே அழுத்தினாலும் எதுவும் நிகழவில்லை என்றால், அது காகிதத்தைப் படம்பிடித்தது போன்ற வெறும் பக்கம். அதன்மேல் எழுத ரீடரிலேயே 'ஃபில் அண்ட் சைன்' என்னும் கருவி இருக்கிறது. அதைத் தேர்ந்து வேண்டிய இடத்தில் அழுத்தித் தட்டச்சு செய்யலாம். டிக் குறியும் கையொப்பமும் இடலாம்.

மூன்றாவது வகைதான் மக்களை அலைக்கழிப்பது. திறந்தவுடன் படிவத்துக்குப் பதிலாக 'ப்ளீஸ் வெயிட்' என்று தொடங்கும் ஆங்கில வாசகம் மட்டும் வரும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படிவம் வராது, ஏனெனில் அந்த மென்பொருளால் அந்தப் படிவத்தைக் காட்டவே இயலாது. இது எக்ஸ்எஃப்ஏ என்னும் வகை. 1996-இல் பிடிஎஃப்புக்குள் வந்த சாதாரணப் படிவ முறை அக்ரோஃபார்ம் எனப்படுகிறது. 2003-இல் அடோபி நிறுவனம் எக்ஸ்எஃப்ஏவை அதனோடு சேர்த்தது. 2017-இல் வெளியான பிடிஎஃப் 2.0 தரம் அதைக் கைவிட்டுவிட்டது என்றாலும், அவ்வகைப் படிவங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. நம்மவர்கள் அடிக்கடி எதிர்கொள்வது, கனடா நாட்டு வருகை விசாவுக்கான ஐஎம்எம் 5257 படிவம். தாராவித் தொண்ணூறு அடிச் சாலையின் செராக்ஸ் கடையில் ஒருவர் இந்தப் படிவத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, வலைத்தொடர்பு சரியில்லை என்று நினைத்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்ததை நானே பார்த்தேன். கைப்பேசிச் செயலிகளில் இது திறக்காது. கணினியில் அக்ரோபேட் ரீடரில் திறக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் 2021-இல் வந்த 93-ஆம் பதிப்பிலிருந்து எக்ஸ்எஃப்ஏ படிவங்களைக் காட்டுகிறது. ஆனால் விசா போன்ற காரியங்களுக்கு நான் ரீடரையே நம்புவேன்.

இரண்டாம் படி: முதலில் சேமிப்பு, பிறகு எழுத்து

மின்னஞ்சலில் வந்த இணைப்பை அங்கேயே திறந்து எழுதத் தொடங்காதீர்கள். அப்படித் திறக்கும் கோப்பு கணினியின் ஏதோ ஒரு தற்காலிக மூலையில் இருக்கும்; எழுதியதைப் பிறகு தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஜிப் கோப்புக்குள் இருந்தபடியே திறப்பதும் அவ்வாறே. கோப்பை இறக்கி, டாக்குமென்ட்ஸில் ஒரு தனி ஃபோல்டருக்கு மாற்றி, அதன் ஒரு நகலுக்குப் புதுப் பெயர் இட்டு, அந்த நகலில் மட்டும் எழுதுங்கள்.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் பிடிஎஃப் கோப்பை இரட்டை அழுத்தம் செய்தால், வேறு ஏற்பாடு செய்திராத கணினிகளில் அது எட்ஜ் உலாவியில்தான் திறக்கும். ஆகையால் கோப்பின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, 'ஓபன் வித்' என்பதில் அக்ரோபேட் ரீடரைத் தேர்ந்தெடுங்கள். திறந்ததும் மேலே மஞ்சள் பட்டை ஒன்று தோன்றி, எதையும் எழுதவிடாமல் தடுத்தால், அது வெளியிலிருந்து வந்த கோப்புக்கான பாதுகாப்பு. கோப்பை அனுப்பியவரை நீங்கள் அறிவீர்கள் என்றால் மட்டும் அந்தப் பட்டையில் உள்ள 'எனேபிள் ஆல் ஃபீச்சர்ஸ்' பொத்தானை அழுத்தலாம்.

ஏதாவது ஒரு கட்டத்தில் இரண்டு சொற்களை எழுதிச் சேமித்து, கோப்பை மூடி மீண்டும் திறந்து பாருங்கள். எழுதியவை இருந்தால் மேலே செல்லலாம். இந்த அரை நிமிடச் சோதனையை அக்கா செய்திருந்தால் அவருடைய ஒன்றரை மணி நேரம் வீணாகியிராது.

மூன்றாம் படி: நிரப்புதல்

ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குச் செல்லச் சுட்டியைத் தேட வேண்டாம். டேப் விசை போதும். பின்னோக்கி வர ஷிஃப்டும் டேப்பும். சில படிவங்களில் முதல் பக்கத்தில் பெயரை எழுதியவுடன் நான்காம் பக்கத்திலும் அது தானாக வந்து நிற்கும். உள்ளே ஒரே பெயர் சூட்டப்பட்ட கட்டங்கள் அப்படித்தான் இயங்கும். நான்காம் பக்கத்தில் தந்தையின் பெயர் வர வேண்டும் என்று அங்கே மாற்றினால் முதல் பக்கமும் மாறிவிடும். இது படிவத்தை வடிவமைத்தவரின் பிழை; நம் பக்கத்தில் சரிசெய்ய வழியில்லை. அச்சிட்டு அந்த ஓர் இடத்தைக் கையால் எழுதுவதே எளிது.

தமிழர்களுக்கு உண்மையான இடர் பெயர்க் கட்டத்தில்தான் இருக்கிறது. மும்பையில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் குடும்பப் பெயர், சொந்தப் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர் என்று மூன்று கட்டங்கள் வரிசையாக நிற்கும். நமக்கோ ஒரு தலைப்பெழுத்தும் ஒரு பெயரும்தான். குடும்பப் பெயர்க் கட்டம் சிவப்புக் கோட்டோடு இருந்தால், அதை வெறுமையாக விட்டுச் சமர்ப்பிக்கவும் முடியாது. ஒரு புள்ளியை இட்டு ஏமாற்றுபவர்களும் உண்டு; பின்னாளில் அந்தப் புள்ளியே பெயராகிவிடும் என்பதால் அதைச் செய்யாதீர்கள். படிவத்தோடு வரும் வழிகாட்டுக் குறிப்பைப் பாருங்கள். பான் அட்டைக்கு நெடுங்காலமாக வழங்கிவந்த 49ஏ படிவத்தின் குறிப்பு, ஒற்றைப் பெயர் உடையவர் அதைக் கடைசிப் பெயருக்கான கட்டத்தில் எழுத வேண்டும் என்கிறது. தலைப்பெழுத்துச் சுருக்கத்தை அது ஏற்பதில்லை. கனடாப் படிவமும், கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இல்லாதவர் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி மற்றதை வெறுமையாக விடச் சொல்கிறது. குறிப்பு ஒன்றுமே இல்லாத படிவமாக இருந்தால், கடவுச்சீட்டிலோ ஆதாரிலோ உள்ளதை எழுத்து மாறாமல் பின்பற்றுவதுதான் பாதுகாப்பு.

தேதியில் 'பொருந்தவில்லை' என்ற பொருளில் எச்சரிக்கை வந்தால் வரிசையைச் சரிபாருங்கள். நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுவோம். அமெரிக்கப் படிவத்தில் மாதம் முன்னே வரும். கனடாப் படிவத்தில் ஆண்டு முன்னே வரும். தொகைக் கட்டத்தில் இலக்கங்களை மட்டும் இடுங்கள். 120000 என்று நீங்கள் இட்டதைப் படிவம் தானாகவே 120,000 என்று மேனாட்டு முறையில் காட்டக்கூடும்; பதற வேண்டாம்.

தமிழிலோ மராத்தியிலோ தட்டச்சு செய்தால் சதுரங்களும் புள்ளிகளும் தோன்றுகின்றன என்று பலர் கேட்கிறார்கள். கட்டத்தின் எழுத்துருவை வடிவமைத்தவர் முன்பே தீர்மானித்திருப்பார்; அது பெரும்பாலும் ஆங்கிலம் மட்டுமே அறிந்த ஹெல்வெடிகாவாக இருக்கும். சில வேளைகளில் தமிழ் எழுத்து வந்தாலும் 'கொ' என்பதன் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். விசைப்பலகையை மாற்றிப் பார்ப்பதால் பயனில்லை. அப்படிவத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தில் நிரப்புங்கள், அல்லது அச்சிட்டுத் தமிழைக் கையால் எழுதுங்கள்.

வட்டப் பொத்தானைத் தவறுதலாக அழுத்திவிட்டால் அதை நீக்க இயலாது. இன்னொன்றுக்கு மாற்றத்தான் இயலும். எதையுமே தேர்ந்தெடுக்கக் கூடாத இடம் என்றால் பழைய நகலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான். நிரப்பியதையெல்லாம் அழித்துவிடும் 'ரீசெட்' பொத்தான் அருகில் சுட்டியைக் கொண்டுபோகவே வேண்டாம்.

கூட்டுத்தொகை தானாக வரவில்லை, நிரப்பியதைச் சரிபார்க்கும் 'வேலிடேட்' பொத்தான் வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலும் நீங்கள் கைப்பேசிச் செயலியிலோ உலாவியிலோ இருக்கிறீர்கள். அந்தக் கணக்கைச் செய்வது படிவத்துக்குள் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல். அதை எல்லா மென்பொருள்களும் முழுமையாக இயக்குவதில்லை. கனடாப் படிவத்தில் 'வேலிடேட்' அழுத்திய பின் பார்கோடு பக்கம் ஒன்று உருவாக வேண்டும். அது வரவில்லை என்றால் எங்கோ ஒரு கட்டாயக் கட்டம் விடுபட்டிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

நான்காம் படி: அனுப்பும் முன்

நிரப்பியது நம் கணினியில் தெரிந்து, பெறுபவரிடம் தெரியாமல் போவதும் உண்டு. கட்டத்தில் உள்ள எழுத்து பக்கத்தோடு ஒட்டிய ஒன்றன்று. திறக்கும் மென்பொருள் அதை ஒவ்வொரு முறையும் மேலே வரைந்து காட்டுகிறது. மென்பொருள் மாறினால் வரைவது தவறலாம். இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. பிரிண்ட் கட்டளை கொடுத்து, அச்சுப்பொறியின் இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்பதைத் தேர்ந்து புதுக் கோப்பாகச் சேமித்தால், எழுத்துகள் பக்கத்தோடு ஒன்றிவிடும்; வேறொருவர் எளிதில் திருத்தவும் இயலாது. நிரப்பத்தக்க மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள், திருத்தம் கேட்டால் அதுதான் உதவும். டிஜிட்டல் கையொப்பம் உள்ள கோப்பையும், பார்கோடு உருவாக்கிய எக்ஸ்எஃப்ஏ படிவத்தையும் இப்படிச் செய்யக் கூடாது. அச்சுப்பிரதியில் அந்தக் கையொப்பம் வெறும் படமாகிவிடும்.

படிவத்தோடு இ-ஆதாரை இணைக்கச் சொன்னால், அது கடவுச்சொல்லால் பூட்டப்பட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள். பெயரின் முதல் நான்கு எழுத்துகளை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிப் பிறந்த ஆண்டைச் சேர்த்தால் அதுவே கடவுச்சொல். தலைப்பெழுத்து முன்னால் இருந்தால் அதுவும், அதன்பின் வரும் புள்ளியும் அந்த நான்கில் அடங்கும். இடைவெளியை விட்டுவிட வேண்டும். அதாவது ஆதாரில் 'பி. குமார்' என்று இருந்து, பிறந்த ஆண்டு 1990 என்றால், ஆங்கிலத்தில் பி, புள்ளி, கே, யு, அதன் பின் 1990. இதைத் திறந்ததும் கையொப்பத்தின்மேல் மஞ்சள் கேள்விக்குறி தெரிந்தால் ஆவணம் போலி என்று பொருளில்லை. சான்றளித்தவரை உங்கள் ரீடர் இன்னும் அறியவில்லை, அவ்வளவே. அதன்மேல் வலப்பொத்தானை அழுத்திக் கையொப்பப் பண்புகளுக்குச் சென்று, சான்றிதழைக் காட்டச் சொல்லி, 'டிரஸ்ட்' பகுதியில் நம்பத்தக்கவர் பட்டியலில் சேர்த்துவிட்டு மறுபடி சரிபார்க்கச் சொன்னால் பச்சைக் குறி வரும்.

கடைசியாக, அனுப்பப்போகும் கோப்பை உங்கள் கைப்பேசிக்கே ஒருமுறை அனுப்பி, அங்கே திறந்து எல்லாக் கட்டங்களும் தெரிகின்றனவா என்று பாருங்கள். எக்ஸ்எஃப்ஏ படிவத்துக்கு மட்டும் இச்சோதனை பயன்படாது. அதைக் கணினியில் ரீடரிலேயே மூடித் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடி அக்கா இரண்டாம் முறை நிரப்பியபோது, தம் கைப்பேசியோடு என் கைப்பேசிக்கும் அனுப்பி, இரண்டிலும் மகளின் பெயர் தெரிந்த பிறகுதான் மின்னஞ்சலை அனுப்பினார்.