பிள்ளை வளர்வான் என்று நாற்காலி வாங்காதீர்கள்

பள்ளிச் சீருடையை ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது நம் வீடுகளில் பழக்கம். ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டால் அடுத்த ஆண்டும் ஓடும். இதே கணக்கை நாற்காலியில் போட்டு ஏமாந்தவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்களோடு சேர்ந்து சிங்கப்பூரில் சிறிய துணைப்பாட வகுப்பு ஒன்றைத் தொடங்கினேன். 20 மேசை, 20 நாற்காலி, எல்லாம் ஒரே அளவு. "இதுதான் ஸ்டாண்டர்ட் சைஸ், எல்லாருக்கும் பொருந்தும்" என்றார் விற்றவர். மாலையில் வந்த உயர்நிலை மாணவர்களுக்குப் பொருந்தியது. பிற்பகலில் வந்த தொடக்கநிலை 1 பிள்ளைகளுக்கோ கால் தரையைத் தொடவில்லை. சிலர் மண்டியிட்டு எழுதினார்கள், சிலர் நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டினார்கள். சேட்டை என்று நினைத்து நானும் அதட்டிக்கொண்டிருந்தேன். நாற்காலிதான் காரணம் என்று புரியப் பல வாரம் ஆனது.

இருக்கை உயரமாக இருந்தால் அதன் முன்விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்தும், கால் மரத்துப்போகும். பிள்ளை முன்னால் நகர்ந்து உட்காரும், முதுகுக்குச் சாய்வு இல்லாமல் போகும். மேசையும் உயரம் என்றால் தோள் தூக்கிக்கொள்ளும், புத்தகம் முகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். கிட்டப்பார்வை இவ்வளவு பரவலாக இருக்கும் ஊரில், புத்தகத்தை 30 சென்டிமீட்டர் தள்ளி வை என்று நாளும் சொல்கிறோம். மேசை நெஞ்சு உயரத்துக்கு நின்றால் பாவம், அந்தப் பிள்ளை எப்படித் தள்ளி வைக்கும்?

அளப்பது எளிது. காலணியோடு, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை உள்ள உயரம்தான் இருக்கையின் உயரம். நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்த பிறகும் இருக்கை விளிம்புக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கையைத் தொங்கவிட்டால் முழங்கை எங்கே நிற்கிறதோ, மேசைப்பலகை அந்த மட்டத்தில் அல்லது ஒரு துளி மேலே இருக்கலாம்.

ஒவ்வொரு பிள்ளையையும் அளக்க முடியாது என்றால் ஐரோப்பியத் தரமான இஎன் 1729 கைகொடுக்கும். உயரத்தை வைத்து அளவுகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்திருக்கிறார்கள். 119 முதல் 142 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு மஞ்சள்: இருக்கை 35, மேசை 59 சென்டிமீட்டர். 133 முதல் 159 வரை சிவப்பு: 38, 64. 146 முதல் 176 வரை பச்சை: 43, 71. நான் வாங்கிய "ஸ்டாண்டர்ட்" இந்தப் பச்சைதான். 118 சென்டிமீட்டர் பிள்ளைக்கு மஞ்சளே பெரிது, அதற்குக் கீழே ஊதா இருக்கிறது.

அதற்காக வகுப்புக்கு ஓர் அளவு என்று முடிவு செய்வதும் தவறு. தொடக்கநிலை 6-இல் போய்ப் பாருங்கள். சில பெண்பிள்ளைகள் ஆசிரியை உயரத்துக்கு நிற்பார்கள், பக்கத்திலேயே தொடக்கநிலை 3 போலத் தெரியும் பையன் இருப்பான். இரண்டு அளவுகளைக் கலந்து வாங்குவதே சரி. உயரம் மாற்றக்கூடிய மேசையைப் பலர் தீர்வாகச் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் யார் மாற்றுவது? திருகும் சாவி எந்த அலமாரியில் இருக்கிறது? ஜனவரியிலும் ஜூன் விடுமுறைக்குப் பிறகும் உட்கார்ந்து சரிசெய்ய ஆள் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் முதல் நாள் வைத்த உயரத்திலேயே அது கிடக்கும்.

அப்புறம், புத்தகம் வைக்க மேசைக்கு அடியில் இருக்கும் தட்டு. ஆழமாக இருந்தால் நிறையப் பிடிக்கும் என்று தோன்றும், ஆனால் தொடை இடிக்கும். மேசை உயரத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் தட்டின் அடிப்பக்கத்தை அளப்பதில்லை. பலகையின் அகலத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். 2021 முதல் உயர்நிலை மாணவர் எல்லாரிடமும் மடிக்கணினி போன்ற சொந்தக் கற்றல் சாதனம் இருக்கிறது. சாதனமும் பயிற்சிப் புத்தகமும் ஒருசேர விரிய 60-க்கு 50 சென்டிமீட்டராவது வேண்டும்.

நாற்காலியின் எடையை யாரும் கேட்பதில்லை. 2017 முதல் நம் பள்ளிகளில் பிள்ளைகளே நாள்தோறும் வகுப்பறையைச் சுத்தம் செய்கிறார்கள். கூட்டுவதற்கு நாற்காலியை மேசைமேல் கவிழ்க்க வேண்டும் என்றால் அதைத் தூக்கப்போவது ஏழு வயதுக் கை. பார்க்க உறுதியாக இருக்கும் கனமான இரும்பு நாற்காலி அங்கே உதவாது.

மேசையும் நாற்காலியும் ஒட்டியே வரும் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பருமனான பிள்ளை நுழைய முடியாது, இரண்டுக்கும் உள்ள இடைவெளியையும் மாற்ற முடியாது. எழுதும் பலகை வலப்பக்கம் மட்டும் இருந்தால் இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை உடம்பை முறுக்கிக்கொண்டுதான் எழுதும்.

நம் ஊர் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின் ஓரம் சரியாக மூடப்படவில்லை என்றால் உப்பிவிடும், ஒட்டிய பட்டை உரியும். ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். கால்களில் மாட்டும் ரப்பர் மூடிகளையும் கூடுதலாகக் கேட்டு வாங்கி வையுங்கள். அவை கழன்று விழாத வகுப்பறையை நான் இன்னும் பார்த்ததில்லை, கழன்றபின் ஓடுபதித்த தரையில் 30 நாற்காலி இழுபடும் சத்தம் கீழ்மாடிவரை கேட்கும்.

மொத்தமாக வாங்கும் முன் அளவுக்கு ஒரு மாதிரியைக் கேளுங்கள். வகுப்பில் ஒரு வாரம் போட்டு, மிகக் குட்டையான பிள்ளையையும் மிக நெட்டையான பிள்ளையையும் உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். மாதிரி தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். என்னுடைய 20-இல் 10 நாற்காலிகளை விற்றுவிட்டேன். மீதி 10-க்குத் தச்சரிடம் சொல்லிக் கால் வைக்கப் பலகை அடித்தோம். அந்தச் செலவில் சின்ன நாற்காலிகளே வாங்கியிருக்கலாம்.