கூட்டு வாசிப்பை ஒட்டி எழுத்து, ஓவியப் போட்டி நடத்துவது எப்படி?

ஊரே சேர்ந்து ஒரே புத்தகத்தை வாசிக்கும் திட்டத்தை 1998-இல் சியாட்டில் நகரத்தில் நூலகர் நான்சி பேர்ல் தொடங்கிவைத்தார். பிறகு பல நாடுகளில் நூலகங்களும் பள்ளிகளும் வாசகர் வட்டங்களும் அதைத் தங்கள் வசதிக்கேற்ப எடுத்துக்கொண்டன. கலந்துரையாடலோடு நிறுத்தாமல் எழுத்து, ஓவியப் போட்டிகளும் வைப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. கூட்டத்தில் வாயே திறக்காதவர்கள் பலர் இதில் கலந்துகொள்வார்கள். ஆனால் இப்படிப்பட்ட போட்டிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் நடுவர்களாலோ பணத்தட்டுப்பாட்டாலோ அல்ல. அறிவிப்பில் கொடுத்த தலைப்பே காலை வாரிவிடுகிறது. அதனால் தலைப்பிலிருந்தே தொடங்குவோம்.

தலைப்பு

அணை கட்டுவதற்காக ஊரைக் காலி செய்யும் ஒரு குடும்பத்தைப் பற்றிய நாவலைத் தேர்ந்தெடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். “எனக்குப் பிடித்த பாத்திரம்” என்று தலைப்பு கொடுத்தால் கதைச்சுருக்கம் வந்து குவியும். முதல் பத்தியில் ஆசிரியர் அறிமுகம், நடுவில் கதை, கடைசியில் “அனைவரும் படிக்க வேண்டிய நூல்”. இருபது கட்டுரை படித்தபின் எது யாருடையது என்று நடுவருக்கே நினைவிருக்காது. மறுபக்கம், “இடப்பெயர்வு” என்று ஒற்றைச் சொல்லைக் கொடுத்தால் புத்தகத்தைத் தொடாதவர்களும் ஏற்கெனவே எழுதிவைத்த கவிதையைத் தலைப்பு மாற்றி அனுப்புவார்கள்.

தலைப்பை வெளியிடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். புத்தகத்தைப் படிக்காத ஒருவரால் இதை எழுத முடியுமா? முடியும் என்றால் தலைப்பு தளர்வாக இருக்கிறது. படித்த பத்துப் பேர் எழுதினால் பத்தும் ஒன்றுபோலவே இருக்குமா? இருக்கும் என்றால் ரொம்ப இறுகிவிட்டது. இரண்டுக்கும் “இல்லை” என்ற பதில் வரும்வரை மாற்றுங்கள். ஏட்டளவில் யோசிப்பது போதாது. குழுவில் மூன்று பேர் ஆளுக்குப் பத்து வரி எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அதே நாவலுக்கு இப்படிக் கேட்கலாம்: “வீட்டைக் காலி செய்யும் நாளில் பாட்டி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்று இரவு அவள் யாரிடம், என்ன சொல்லியிருப்பாள்?” நாவலாசிரியர் விட்டுவைத்த இடைவெளியில் வாசகரை நுழையவிடும் கேள்வி இது. பாட்டியை அறிந்தவரால் மட்டுமே எழுத முடியும், ஒவ்வொருவரும் வேறு மாதிரி எழுதுவார்கள். ஓவியத்துக்கும் இதே உத்திதான்: “நூலில் பெயர் மட்டும் வந்து, எப்படி இருக்கும் என்று சொல்லப்படாத ஓர் இடத்தை வரையுங்கள்.” முக்கிய பாத்திரத்தை வரையச் சொன்னால் அட்டைப்படத்தின் நகல்தான் வரும். அந்தக் கதை திரைப்படமாகியிருந்தால் நடிகரின் முகம் வரும்.

ஒரு பிரிவுக்கு மூன்று தலைப்பு போதும். ஒவ்வொரு படைப்புடனும் 50 சொல்லுக்குள் ஓர் இணைப்புக் குறிப்பு கேளுங்கள்: நூலின் எந்தக் காட்சியிலிருந்து இது பிறந்தது? பக்க எண் கேட்காதீர்கள். பதிப்புக்குப் பதிப்பு அது மாறும். அத்தியாய எண்ணே போதும்.

நாட்காட்டியும் பிரதிகளும்

பரிசளிப்பு நாளை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி 16 வாரம் எண்ணுங்கள். முதல் வாரத்தில் புத்தக அறிவிப்பு. போட்டி உண்டு என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். தலைப்புகளை மட்டும் நான்காம் வாரத்தில், ஒரு கலந்துரையாடலாவது முடிந்தபின் வெளியிடுங்கள். முதல் நாளே தலைப்பு தெரிந்தால் அதற்குத் தேவையான பக்கங்களை மட்டும் புரட்டிவிட்டு எழுத உட்காருவார்கள். பத்தாம் வாரக் கடைசியில் படைப்புகளைப் பெறுவதை முடியுங்கள். பதினோராம் வாரம் சரிபார்ப்புக்கு, அடுத்த மூன்று வாரம் நடுவர்களுக்கு, கடைசி இரண்டு வாரம் ஓவியங்களுக்குச் சட்டமிடவும் சான்றிதழ் அச்சிடவும்.

படைப்புகளில் பெரும்பகுதி கடைசி இரண்டு நாளில்தான் வரும். எட்டாம் வாரத்தில் நாலைந்துதான் வந்திருக்கிறது என்று பதறித் தேதியை நீட்டிக்காதீர்கள். ஒரு முறை நீட்டித்தால் அடுத்த ஆண்டு யாரும் தேதியை மதிக்கமாட்டார்கள். கடைசி நாளாக வெள்ளிக்கிழமையை வைக்காமல் திங்கட்கிழமையை வையுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வாரயிறுதி கிடைக்கும்.

போட்டி வைப்பவர்கள் அடிக்கடி மறக்கும் கணக்கு இன்னொன்று. ஒரு பிரதியை இரண்டு வாரம் வீதம் எட்டு வாரம் சுற்றுக்கு விட்டால் ஏட்டில் நான்கு பேர் படிப்பார்கள். திருப்பித் தரத் தாமதமாவதால் நடப்பில் மூன்று பேர்தான். ஆக 100 வாசகருக்கு 34 பிரதி வேண்டும். அதோடு, வெளியே தராத ஒரு பிரதியை நூலகத்திலேயே வையுங்கள். பிரதி போதாத இடத்தில் போட்டி, புத்தகத்தை விலைக்கு வாங்க முடிந்தவர்களின் போட்டியாகிவிடும்.

விதிமுறைகள்

ஒரே தாளில் அடங்க வேண்டும். வயதுப் பிரிவு 8 வரை, 9–12, 13–17, 18-உம் அதற்கு மேலும் என்று இருக்கட்டும். வயதை எந்தத் தேதியில் கணக்கிடுவது என்பதையும் எழுதுங்கள். எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஓவியம் மட்டும் போதும். முதலிடம் இரண்டாமிடம் வேண்டாம், எல்லோருக்கும் சான்றிதழ் கொடுங்கள்.

கதைக்கும் கட்டுரைக்கும் சிறுவருக்கு 300, பதின்வயதினருக்கு 600, பெரியவர்களுக்கு 1000 சொல் என்ற வரம்பு சரியாக இருக்கும். தமிழில் சொல் எண்ணிக்கை சற்று வழுக்கும் விஷயம். “போய்க்கொண்டிருந்தாள்” என்று சேர்த்து எழுதினால் ஒன்று. “போய்க் கொண்டு இருந்தாள்” என்று பிரித்தால் மூன்று. ஆகவே கணினி காட்டும் எண்ணிக்கையே இறுதியானது, பத்து விழுக்காடு வரை கூடலாம் என்று போட்டுவிடுங்கள். கவிதைக்குச் சொல் கணக்கு வேண்டாம், 30 வரி என்று வையுங்கள்.

ஓவியத்துக்கு உச்ச அளவு ஏ3, அதாவது 29.7 × 42 செ.மீ. தாள் 200 ஜிஎஸ்எம்மாவது (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கட்டும். அதைவிட மெல்லிய தாளில் நீர்வண்ணம் பட்டால் நெளிந்து, சுவரில் தட்டையாக நிற்காது. கரித்துண்டு, பேஸ்டல் ஓவியங்களின் மேல் பட்டர் பேப்பர் மூடி அனுப்பச் சொல்லுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது மேலே உள்ளதன் முதுகில் கீழே உள்ளது அப்பிக்கொள்ளும். சுருட்டி அனுப்பக் கூடாது. பெயரும் வயதும் பின்பக்கத்தில் பென்சிலால், அழுத்தாமல் எழுதப்பட வேண்டும். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கத்தில் தடம் தெரியும், ஸ்கெட்ச் பேனா மை ஊறி வெளியே வரும். களிமண், அட்டை வேலைகளை ஏற்பதென்றால் எந்தப் பக்கமும் 30 செ.மீ.-ஐத் தாண்டக் கூடாது, எடை 2 கிலோவுக்குள்.

உரிமை பற்றிய வரியைக் கவனமாக எழுதுங்கள். “வரும் படைப்புகள் அனைத்தும் அமைப்புக்கே சொந்தம்” என்று போடுவது சரியல்ல, அதைப் பார்த்ததும் நல்ல எழுத்தாளர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். உரிமை படைத்தவருக்கே, காட்சிக்கு வைக்கவும், மலரில் ஒரு முறை அச்சிடவும், ஓராண்டு இணையத்தில் வெளியிடவும் அனுமதி வேண்டும் என்பது போதும். 18 வயதுக்குக் கீழ் பெற்றோர் கையெழுத்து கட்டாயம்.

மூல நூலுக்கும் உரிமை உண்டு என்பதை மறக்கக் கூடாது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி ஆசிரியர் மறைந்து குறைந்தது 50 ஆண்டு பதிப்புரிமை நீடிக்கும். பல நாடுகளில் 60, 70 ஆண்டு. நூலின் பாத்திரங்களை வைத்து எழுதிய கதைகளைத் தொகுத்து மலராகப் போடும் எண்ணம் இருந்தால், போட்டியை அறிவிக்கும் முன்பே பதிப்பகத்துக்கு எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். மலர் அச்சேறியபின் கேட்டால் சங்கடம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பயன்படுத்தலாமா என்பதற்கு ஆம், இல்லை என்று நேரடியாக ஒரு வரி வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நம்பி யாரையும் தள்ளாதீர்கள். அவை மனிதர் எழுதியதையும் தவறாகக் காட்டும். ஓவியத்துக்குப் பாதி வரைந்த நிலையில் இரண்டு புகைப்படம் கேளுங்கள். எழுத்தில், இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களிடம் மட்டும் ஐந்து நிமிடம் படைப்பைப் பற்றிப் பேசுங்கள். தானே எழுதியவர் ஒரு வரியை ஏன் வெட்டினேன் என்று சொல்லத் தயங்கமாட்டார். சிறுவர் ஓவியத்தில் பெற்றோர் கை விளையாடுவது இதைவிடப் பழைய நோய். அதற்கு ஒரே மருந்து, 9–12 பிரிவை நேரில் உட்காரவைத்து 90 நிமிடத்தில் வரையச் சொல்வது.

பெறுவதும் பதிவதும்

வந்தவுடன் எண் போடுங்கள். “சி-க-014” என்றால் சிறுவர், கதை, பதினான்காவது. பெயர், வயது, தொடர்பு எண், தலைப்பு எல்லாம் ஒரு எக்செல் தாளில், ஒரே ஒருவர் கையில் இருக்க வேண்டும். அவர் நடுவராக இருக்கக் கூடாது. நடுவர்களிடம் போகும் கோப்பில் எண் மட்டும். கோப்பின் பண்புகளில் (Properties) எழுதியவர் பெயர் ஒளிந்திருக்கும், அதையும் நீக்குங்கள். ஓவியத்தின் மூலையில் கையெழுத்து இருந்தால், எளிதாக உரியும் ஒட்டுத்தாளால் மறையுங்கள்.

பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்து அனுப்பும் பெரியவர்கள் இன்னும் உண்டு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோட் என்று விதியில் சொல்லுங்கள், கூடவே பிடிஎஃப் நகலும் கேளுங்கள். சொல்லியும் சிலர் பழைய எழுத்துருவில் அனுப்புவார்கள். உருமாற்றிப் பயன்படுத்துங்கள், தள்ளாதீர்கள். கையெழுத்துப் பிரதிகளையும் வாங்கிக்கொண்டு தட்டச்சு செய்துகொடுக்க இரண்டு தன்னார்வலர் இருந்தால் நல்லது. 600 சொல்லுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஓவியப் படங்களை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். ஏ4 அளவில் 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட 2480 × 3508 பிக்சல் வேண்டும்.

மதிப்பீடு

பிரிவுக்கு மூன்று நடுவர், மூவரும் நூலைப் படித்திருக்க வேண்டும். பெரிய பெயர் என்பதற்காக, படிக்க நேரமில்லாதவரை அழைக்காதீர்கள். ஒருவர் எழுத்தாளர் அல்லது ஓவியர், ஒருவர் ஆசிரியர் அல்லது நூலகர், மூன்றாமவர் சாதாரண வாசகர் என்ற கலவை நன்றாக வேலை செய்யும். நூலோடு உள்ள உறவுக்கு 40, சொந்தக் கற்பனைக்கு 30, மொழி அல்லது வரைதிறனுக்கு 20, பிழையின்மைக்கும் நேர்த்திக்கும் 10. கடைசியில் உள்ளதை உயர்த்தினால் சந்திப்பிழை இல்லாத, உயிரும் இல்லாத கட்டுரைகள் பரிசு வாங்கும்.

ஒரு கதையைப் படித்து மதிப்பெண்ணும் இரண்டு வரிக் குறிப்பும் எழுத 8 நிமிடம் என்று வைத்தால், 100 கதைக்குப் 13 மணி நேரத்துக்கு மேல். ஒரே மூச்சில் உட்காரும் நடுவர் அறுபதாவது கதைக்கு நியாயம் செய்ய மாட்டார். 60-ஐத் தாண்டினால் முதல் வாசிப்புக்கு இருவர் கொண்ட குழு வைத்து, ஒருவராவது “இருக்கட்டும்” என்றதையெல்லாம் மேலே அனுப்புங்கள். மூன்று நடுவருக்கும் அடுக்கை வெவ்வேறு வரிசையில் கொடுங்கள். இணைப்புக் குறிப்பைப் படைப்பைப் பார்த்தபின்பே படிக்கச் சொல்லுங்கள்.

மதிப்பெண்களை அப்படியே கூட்டுவதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் நடுவர் ஒரு கதைக்கு 90, இன்னொன்றுக்கு 60 போடுகிறார். இரண்டாமவர் 78, 80. மூன்றாமவர் 77, 79. கூட்டினால் முதல் கதை 245, இரண்டாவது 219. மூவரில் இருவர் இரண்டாவதைத்தான் சிறந்தது என்றார்கள், ஆனால் தாராளமாக ஏற்றியிறக்கிப் போட்ட ஒருவர் முடிவைத் தீர்மானித்துவிட்டார். அதனால் மதிப்பெண்ணைக் குறும்பட்டியல் எடுக்க மட்டும் பயன்படுத்துங்கள். குறும்பட்டியலில் வந்த பத்துப் படைப்புகளை ஒவ்வொரு நடுவரும் 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தட்டும். இட எண்களின் கூட்டல் குறைந்தது வெல்லும். சமமானால் பேசி முடிவெடுக்கட்டும். உறவினர், மாணவர் படைப்பு வந்திருந்தால் அந்த நடுவர் அந்தப் பிரிவிலிருந்து விலக வேண்டும்.

ஒரு பிரிவில் ஐந்துக்குக் குறைவாக வந்தால் என்ன செய்வது, தகுதியான படைப்பு இல்லாவிட்டால் பரிசை நிறுத்திவைக்கலாமா என்பதை முன்கூட்டியே விதியில் எழுதிவிடுங்கள். முடிவு வந்தபின் சேர்க்கும் விதி சண்டையில்தான் முடியும்.

காட்சிக்கு வைக்கும்போது

ஏ3 ஓவியத்தைப் படுக்கைவாக்கில் வைத்து 15 செ.மீ. இடைவெளி விட்டால் ஒன்றுக்கு 57 செ.மீ. சுவர் தேவை. 60 ஓவியத்துக்கு 34 மீட்டர், இரண்டு வரிசையானால் 17. இடத்தை அளந்தபின் எத்தனை தொங்கவிடலாம் என்று முடிவெடுங்கள். ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் பெரியவர் கண்ணுக்குச் சரி. சிறுவர் ஓவியங்களை 115 செ.மீ.-க்கு இறக்குங்கள். முன்பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது வண்ணமும் வரும். நேர் வெயில் படும் சுவரில் நீர்வண்ணம் வெளுத்துவிடும். எழுத்துப் படைப்புகளை முழுதாகச் சுவரில் ஒட்டினால் நின்று படிப்பவர் குறைவு. முதல் பத்தியைப் பெரிய எழுத்தில் ஓவியங்களுக்கு நடுவே வைத்து, முழுப் பிரதியை மேசையில் கோத்து வையுங்கள்.

பரிசு பெறாதவர்களுக்கு நடுவர் எழுதிய இரண்டு வரிக் குறிப்பை, நடுவர் பெயரில்லாமல், அனுப்பிவையுங்கள். ஓவியங்களை 30 நாளுக்குள் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி, அந்தத் தேதியை, படைப்பைப் பெறும்போது தரும் ஏற்புச் சீட்டிலேயே அச்சிடுங்கள். எடுத்துச் செல்லும்போது பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள்.