ட்ரைசெராடாப்ஸின் பத்து நொடி நடை: பழைய ஆவணப்படங்களின் முறையில் ஸ்டாப் மோஷன் செய்முறை

1956ஆம் ஆண்டு வெளியான ‘தி அனிமல் வேர்ல்ட்’ என்ற அமெரிக்க ஆவணப்படத்தில், உயிருள்ள விலங்குகளின் காட்சிகளோடு சுமார் 10 நிமிட நேரம் டைனோசர்களும் வருகின்றன. படத்தைத் தயாரித்து இயக்கியவர் இர்வின் ஆலன். டைனோசர் பகுதியை மேற்பார்வையிட்டவர், 1933ஆம் ஆண்டின் ‘கிங் காங்’ படத்துக்கு உயிரூட்டிய வில்லிஸ் ஓ’பிரையன். பொம்மைகளை ஒவ்வொரு ஃப்ரேமாகக் கையால் அசைத்தவர், அவரிடம் தொழில் பயின்ற ரே ஹாரிஹவுசன்.

இப்படிப் பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் ஒரு படமாக எடுத்து, வரிசையாக ஓடவிட்டு அசைவை உண்டாக்கும் முறையே ஸ்டாப் மோஷன். அதைக் கற்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே இரண்டு டைனோசர்களை மோதவிடுகிறார்கள். சண்டைக் காட்சியில் வேகம் பிழைகளை மறைத்துவிடும். ஆனால் அது ஓர் ஆவணப்படத்தின் விலங்காகத் தெரியாது. ஆவணப்படத்தின் விலங்கு பெரும்பாலான நேரம் நிற்கிறது, மூச்சுவிடுகிறது, மேய்கிறது. ஸ்டாப் மோஷன் கலைஞர் ஃபில் டிப்பெட் 1984இல் எடுத்த ‘ப்ரீஹிஸ்டாரிக் பீஸ்ட்’ என்ற குறும்படத்தில் மோனோக்ளோனியஸ் என்ற கொம்புள்ள டைனோசர் ஒன்று காட்டில் தழை தின்னும் நேரம் எனக்கு அந்தப் படத்தின் வேட்டையைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. அதன் காட்சிகள் மறு ஆண்டு நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் தொகுத்து வழங்கிய ‘டைனோசர்!’ என்ற தொலைக்காட்சி ஆவணப்படத்திலும் சேர்ந்தன. ஆகவே இங்கே நாம் செய்யப்போவது ஒரே ஒரு ஷாட்: மூன்று கொம்புகள் கொண்ட, தழை தின்னும் டைனோசரான ட்ரைசெராடாப்ஸ் ஒன்று நிற்கிறது, மூன்று சுற்று (நான்கு கால்களும் ஒருமுறை எழுந்து ஊன்றுவது ஒரு சுற்று) நடக்கிறது, குனிந்து ஒரு பெரணியைக் கடிக்கிறது. மொத்தம் 10 நொடிகள்.

முதல் படி: விலங்கையும் காலத்தையும் முடிவுசெய்தல்

ட்ரைசெராடாப்ஸைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அதன் நான்கு கால்கள். ஒரு காலைத் தூக்கினாலும் மற்ற மூன்றில் பொம்மை நிற்கும். இரண்டு கால்களில் நடக்கும் டைரனோசாரஸ் அப்படி நிற்காது. ட்ரைசெராடாப்ஸ் சுமார் 6.8 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழ்ந்தது. ஸ்டெகோசாரஸ் அதற்கும் சுமார் 8 கோடி ஆண்டுகள் முந்தியது என்பதால், இரண்டையும் ஒரே மேசையில் நிறுத்த வேண்டாம்.

வாலை எப்படி வைப்பது என்பதையும் இப்போதே முடிவுசெய்துவிட வேண்டும். 1950களின் படங்களில் டைனோசர்கள் வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நடக்கும். தொல்லுயிரியலாளர் ஜான் ஆஸ்ட்ரம் 1969இல் டைனோனிகஸ் என்ற வேட்டையாடும் டைனோசரை விவரித்த பிறகு, டைனோசர்கள் சுறுசுறுப்பான விலங்குகள் என்ற பார்வை வலுப்பெற்றது. வால் நிலத்துக்கு மேலே நின்று உடலின் எடையைச் சமன்செய்தது என்பதே இன்றைய புரிதல். பழைய படத்துக்கு மரியாதை செலுத்த விரும்பினால் வாலை இழுக்கவிடுங்கள், இன்றைய அறிவியல் வேண்டுமென்றால் தூக்கிவையுங்கள். எதைத் தேர்ந்தாலும் நிற்கும் விதம், தோலின் நிறம், பின்னணி எல்லாம் அந்த ஒரே காலத்தைச் சேர்ந்தவையாக இருக்கட்டும்.

இரண்டாம் படி: பொம்மை

ஓ’பிரையனின் படங்களுக்கு மார்செல் டெல்கடோ செய்த பொம்மைகளின் உள்ளே பந்துமூட்டுகள் கொண்ட உலோக எலும்புக்கூடு இருந்தது. முதல் பொம்மைக்கு அது தேவையில்லை. 2 மி.மீ. அலுமினியக் கம்பியை இரட்டையாக மடித்து முறுக்கி, 20 செ.மீ. நீளமுள்ள உடலுக்கு ஒரு முதுகெலும்பும் நான்கு கால்களும் அமையுங்கள். கழுத்துக்கு மட்டும் மூன்று கம்பிகளை முறுக்குங்கள், ஏனென்றால் கொம்பும் பிடரிக் கேடயமும் சேர்ந்த தலைதான் இந்த விலங்கிலேயே அதிகம் தொய்யும் பகுதி. தொடை, முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி, இடுப்பு ஆகிய மடங்கக் கூடாத இடங்களில் எம்-சீல் பூசி இறுகவிட்டால், கால் மூட்டுகளில் மட்டுமே வளையும். ரப்பர் குழாய்போலக் கால் முழுதும் வளைந்தால் உள்ளே எலும்பு இருப்பதாகப் பார்ப்பவர் நம்பமாட்டார்.

உடலின் உட்பகுதியைத் தெர்மோகோலால் நிரப்பி, மேலே காய்ந்துபோகாத எண்ணெய்க் களிமண்ணை மெல்லியதாகப் போர்த்துங்கள். என் முதல் பொம்மையைக் களிமண்ணாலேயே முழுதாகச் செய்து, சூடாகும் பழைய குண்டு பல்பின் அடியில் நிறுத்தியிருந்தேன். நாற்பதாவது ஃப்ரேமுக்குள் வயிறு தரையைத் தொட்டுவிட்டது, அன்று எடுத்த எதையும் பயன்படுத்த முடியவில்லை. அதற்குப் பிறகு எல்.இ.டி. விளக்குகளை மட்டுமே வைத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு பாதத்திலும் ஒரு சிறிய, வலுவான காந்தத்தைப் பதியுங்கள். மேசையின் மேல் இரும்புத் தகடு ஒன்றை விரித்து, அதன்மேல் மண்ணிறம் பூசிய தாளை ஒட்டினால் பாதங்கள் வைத்த இடத்தில் நிற்கும். தொழில்முறைக் கலைஞர்கள் மேசையில் துளையிட்டு, அடியிலிருந்து பாதத்துக்குள் திருகாணி முடுக்குவார்கள். அது இன்னும் உறுதியானது, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் துளை வேண்டும்.

மூன்றாம் படி: மூச்சு

இந்தச் செய்முறையில் நான் அதிகம் மன்றாடிக் கேட்டுக்கொள்வது இந்தப் படியை விட்டுவிடாதீர்கள் என்பதுதான். 1925ஆம் ஆண்டின் ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ படத்துக்கு டெல்கடோ செய்த பொம்மைகளின் உள்ளே கால்பந்தின் காற்றுப்பையை வைத்து, அதைச் சிறிது சிறிதாக ஊதியும் இறக்கியும் விலா அசையும்படி செய்தார்கள். அசையாமல் நிற்கும் பொம்மை வெறும் பொம்மைதான். அதே பொம்மையின் விலா இரண்டு மில்லிமீட்டர் ஏறி இறங்கினால் அது ஓய்வெடுக்கும் விலங்காகிவிடுகிறது.

வீட்டில் இதைச் செய்ய, காமிராவைப் பார்த்திருக்கும் விலாவில் தெர்மோகோலைக் குடைந்து ஒரு சிறிய பலூனை வையுங்கள். பலூனின் வாயில் மெல்லிய குழாயைக் கட்டி, அதைப் பொம்மையின் மறுபக்கம் வழியாக வெளியே எடுத்து, ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சில் பொருத்துங்கள். பலூனின் மேல் பழைய ரப்பர் கையுறையிலிருந்து வெட்டிய துண்டை விரித்து, அதன் ஓரங்களைக் களிமண்ணில் புதைத்து, உடலின் நிறத்தையே பூசுங்கள். சிரிஞ்சின் கோடுகளே உங்கள் அளவுகோல்: ஃப்ரேமுக்குக் கால் மி.லி. வீதம் உள்ளே தள்ளுங்கள், 12 ஃப்ரேம்களில் ஒரு மூச்சு உள்ளே போகும், அடுத்த 12இல் வெளியே வரும்.

நான்காம் படி: காமிராவை வைக்கும் இடம்

மொபைலை ட்ரைபாடில் இறுக்கி, ஃபோகஸ், வெளிச்சம், நிறச் சமநிலை மூன்றையும் செயலியில் பூட்டிவிடுங்கள். தானாக மாறவிட்டால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஒளி துடிக்கும். ஜன்னல்களை மூடுங்கள், கருநிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் வெள்ளைச் சட்டையில் பட்டுத் திரும்பும் ஒளிகூடப் படத்தில் பதியும். காட்டில் படமெடுப்பவர் விலங்குக்குப் பக்கத்தில் நின்று எடுப்பதில்லை. ஆகவே மொபைலை மேசைக்கு அருகே கொண்டுபோகாமல், தள்ளி நின்று டெலிஃபோட்டோ லென்ஸால் எடுங்கள். லென்ஸ் பொம்மையின் கண் மட்டத்திலோ சற்றுத் தாழ்வாகவோ இருக்கட்டும்.

பின்னணிக்கு ஓ’பிரையனின் வழி இன்றும் உதவும். ‘கிங் காங்’ படத்தின் காட்டை அவர் குழுவினர் கண்ணாடிகளில் வரைந்து, ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டு நிறுத்தி ஆழத்தை உண்டாக்கினார்கள். நீங்கள் அட்டையில் மூன்று அடுக்குகள் வெட்டுங்கள். தொலைவில் போகப்போக நிறம் வெளிறட்டும். லென்ஸுக்கு மிக அருகே ஓர் உண்மையான இலை மங்கலாகத் தெரிந்தால், படமெடுப்பவர் புதருக்குள் ஒளிந்திருப்பதுபோல் இருக்கும். பெரணியும் ஊசியிலை மரங்களும் வரையலாம், புல்வெளி வேண்டாம்.

ஐந்தாம் படி: நடை

பழைய திரைப்படம் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடியது. தொடக்கத்தில் நொடிக்கு 12 படங்கள் போதும், ஆகவே 10 நொடிக்கு 120 படங்கள். முதல் 24 படங்களில் விலங்கு நின்று ஒரு முழு மூச்சு விடுகிறது. அடுத்த 72இல் நடக்கிறது. கடைசி 24இல் குனிந்து கடிக்கிறது.

ஒரு சுற்று நடைக்கு 24 படங்கள், அதாவது 2 நொடி. கால்கள் எழும் வரிசை இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். ஒவ்வொன்றும் 6 படங்கள் காற்றில் இருக்கும். ஒரு சுற்றில் விலங்கு 6 செ.மீ. முன்னேறுகிறது என்று வைத்துக்கொண்டால், உடல் ஒவ்வொரு படத்திலும் 2.5 மி.மீ. முன்னே செல்ல வேண்டும், தூக்கிய பாதம் 6 படங்களில் முழு 6 செ.மீ.யையும் கடக்க வேண்டும். பாதத்தைச் சம அளவில் நகர்த்தாதீர்கள்: 5, 10, 15, 15, 10, 5 மி.மீ. என்று நகர்த்தினால் அது மெதுவாக எழுந்து, விரைந்து, மெதுவாக ஊன்றும். உண்மையான ட்ரைசெராடாப்ஸ் சுமார் 8 மீட்டர் நீளமானது, நம் பொம்மை அதில் நாற்பதில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் நம் விலங்கு நொடிக்கு 1.2 மீட்டர் நடக்கிறது; மேயும் பெரிய விலங்குக்கு அது பொருத்தமான வேகம்.

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கே: காலை மட்டும் நகர்த்திவிட்டு உடலை அப்படியே விட்டுவிடுகிறார்கள், பிறகு ஒரேயடியாக உடலைத் தள்ளுகிறார்கள். உடல் நில்லாமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், ஊன்றிய மூன்று பாதங்களும் இம்மியும் அசையக் கூடாது. முன்னங்கால் ஊன்றும் படத்தில் தலையை 1 மி.மீ. தாழ்த்துங்கள், இரண்டு படங்கள் கழித்து வாலின் நுனி சற்று அசையட்டும். எடை என்பது இந்தத் தாமதத்தில்தான் தெரிகிறது.

ஹாரிஹவுசனின் காலத்தில் முந்தைய ஃப்ரேமைத் திரும்பிப் பார்க்க வழியில்லை, பிலிமைக் கழுவி வந்த பிறகே பிழை தெரியும். கலைஞர்கள் மேசையில் ஊசிமுனை கொண்ட ஓர் அளவுக்கம்பியை நிறுத்தி, அதன் முனையைப் பொம்மையின் மூக்கருகே வைத்துக் குறித்துக்கொண்டு, பிறகு பொம்மையை நகர்த்தி, கம்பியை எடுத்துவிட்டுப் படமெடுப்பார்கள். இன்றைய செயலிகள் முந்தைய படத்தை நிழலாகக் காட்டுகின்றன. ஆயினும் மேசையில் வைத்த களிமண் உருண்டையில் குத்திய ஒரு குச்சியையும் ஸ்கேலையும் பயன்படுத்திப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்ணைவிட அது சரியாகச் சொல்லும்.

ஆறாம் படி: கடிப்பதும் ஒலியும்

கடைசி 24 படங்களில் முதல் 10இல் தலை தாழட்டும், 2 படங்கள் நிற்கட்டும், பிறகு வாய் மூடும்போதே பெரணித் தண்டைப் பொம்மையோடு சேர்த்து இழுங்கள். தண்டுக்குள் மெல்லிய கம்பியைச் செருகியிருந்தால் அது வளைந்து, விடுபட்டு, மீண்டும் ஆடி அடங்குவதைக் காட்டலாம். விலங்கு சுற்றுப்புறத்தைத் தொட்டு மாற்றும் அந்த ஒரு கணம், பொம்மையும் காடும் ஒரே இடத்தில் இருப்பதை உறுதிசெய்கிறது.

காலடி ஓசைக்கு மணல் நிரப்பிய காலுறையைப் பலகையில் மெல்லப் போட்டுப் பதிவுசெய்து, பாதம் ஊன்றும் படத்திலேயே சேருங்கள். இசை வேண்டாம். விவரணை ஒரு வாக்கியத்துக்கு மேல் போக வேண்டாம். “பெரணியைத் தேடி வந்த இந்த விலங்குக்கு இன்று அவசரம் எதுவும் இல்லை” என்பதுபோல் ஒன்றை நடை தொடங்கும்போது சொல்லி, கடிக்கும் நேரத்தில் தழை முறியும் ஓசைக்கு இடம்விடுங்கள். நொடிக்கு 12 படங்கள் என்ற வேகத்திலேயே கோப்பை ஏற்றுமதி செய்யுங்கள். முதலில் ஒலி இல்லாமல் ஓடவிட்டு, பாதம் வழுக்கும் ஃப்ரேம்களைக் குறித்துக்கொண்டு, அந்தச் சுற்றை மட்டும் மறுபடி எடுங்கள்.