கேம்பிலோபாக்டரின் சுவாச நொதி நீச்சலையும் தொற்றையும் பாதிக்கிறதா? ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கும் முறை

வேகாத கோழி இறைச்சியிலும் காய்ச்சாத பாலிலும் ஏறி மனிதக் குடலுக்கு வந்து சேரும் கேம்பிலோபாக்டர் ஜெஜுனி என்ற பாக்டீரியாவின் பெரும்பாலான திரிபுகளால் குளுக்கோஸைச் சிதைக்க முடியாது. அதற்கு வேண்டிய பாஸ்போபிரக்டோகைனேஸ் நொதி அவற்றிடம் இல்லை. அமினோ அமிலங்களையும் கரிம அமிலங்களையும் எரித்து, சுவாசச் சங்கிலியை நம்பியே பிழைக்கின்றன. ஃபார்மேட், ஹைட்ரஜன், லாக்டேட் போன்றவற்றிலிருந்து எலக்ட்ரான்களை உருவி, ஆக்சிஜனுக்கோ நைட்ரேட்டுக்கோ ஃபூமரேட்டுக்கோ கைமாற்றுகின்றன. அந்தக் கைமாற்றலில் சவ்வின் இருபுறமும் உருவாகும் புரோட்டான் அழுத்தம்தான் கசையிழையை (கிருமி நீந்த உதவும் வால் போன்ற இழையை) சுழற்றும் விசை. ஆகவே ஒரு சுவாச நொதியை நீக்கினால் நீச்சல் குறையும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் மென் அகார் தட்டில் கிருமி நீந்திப் பரவும் வட்டம் சிறுத்ததைப் பார்த்ததும் ‘நீந்தவில்லை’ என்று எழுதிவிடக் கூடாது. மெதுவாக வளரும் கிருமியும் சிறிய வட்டம்தான் போடும். இந்த இரண்டையும் பிரித்தறியும் வேலைதான் இங்கே முக்கியம்.

தொடங்குவதற்கு ஏற்ற நொதி ஃபார்மேட் டீஹைட்ரஜனேஸ். குடலில் மற்ற நுண்ணுயிர்கள் வெளிவிடும் ஃபார்மேட்டைத்தான் இது எரிக்கிறது. வேலை செய்ய மாலிப்டினம் அல்லது டங்ஸ்டன், கூடவே செலினியம் வேண்டும். மூன்று திரிபுகள் கையில் இருக்க வேண்டும்: இயல்புத் திரிபு (ஏறத்தாழ 16.4 லட்சம் கார இணைகள் கொண்ட முழு மரபணுத்தொகை 2000இல் வெளியான என்.சி.டி.சி. 11168 நல்ல தேர்வு), நொதி நீக்கிய திரிபு, அந்த மரபணுவைக் குரோமோசோமில் வேறோர் இடத்தில் திருப்பிச் செருகிய திரிபு. மூன்றாவது இல்லாமல் சோதனையைத் தொடங்கவே வேண்டாம். இந்த நொதியின் துணை அலகுகளுக்கான மரபணுக்கள் ஒரே வரிசையில் நிற்பவை. நொதியை நீக்குவதற்காக முதலாவதில் செருகிய ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணு பின்னால் உள்ளவற்றையும் அடக்கிவிடலாம். இவற்றோடு கசையிழைப் புரத மரபணு நீக்கப்பட்ட, அறவே நீந்தாத ஒரு திரிபையும் எதிர்க்கட்டுப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா வேலையும் உயிரிப் பாதுகாப்பு இரண்டாம் நிலை ஆய்வகத்தில், பாதுகாப்புப் பெட்டிக்குள், கையுறையோடு. சில நூறு கிருமிகளே நோய் உண்டாக்கப் போதும். கில்லன்–பாரே நரம்பு முடக்கம் இதன் தொற்றுக்குப் பின்னால் வரக்கூடியது. கழிவு முழுவதையும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியேற்ற வேண்டும்.

மென் அகார் தட்டு

100 மி.லி. நீரில் முல்லர்–ஹின்டன் குழம்புத்தூள் (கிருமி வளர்க்கும் திரவ ஊடகத்தின் தூள்) 2.1 கிராம், அகார் 0.4 கிராம். அகாரை எடை போடுவதில் கண்டிப்பாக இருங்கள்: 0.3 சதவீதத்துக்குக் கீழே போனால் தட்டை நகர்த்தும்போதே ஊடகம் கலைந்துவிடும், 0.5ஐத் தாண்டினால் நன்றாக நீந்துவதுகூட முடங்கும். ஆட்டோகிளேவ் செய்து 50 டிகிரிக்கு ஆறியதும் 90 மி.மீ. தட்டுக்கு 25 மி.லி. வீதம் அளந்து ஊற்றுங்கள். கண்ணளவில் ஊற்றிய தட்டுகளில் ஆழம் மாறும், வட்டமும் மாறும். மூடியோடு ஒரு மணி நேரம் அறை வெப்பத்தில் இறுக விட்டு, அன்றே பயன்படுத்துங்கள். இந்தத் தட்டுகளைக் கவிழ்க்கவே கூடாது.

உறைநிலையிலிருந்து எடுத்த கிருமியைக் கெட்டி அகாரில் 42 டிகிரியில், 5 சதவீத ஆக்சிஜன், 10 சதவீத கார்பன் டை ஆக்சைடு, 85 சதவீத நைட்ரஜன் கலவையில் 16 முதல் 18 மணி நேரம் வளருங்கள். இரண்டு நாள் பழைய வளர்ப்பு ஆகாது. சுருள் வடிவம் போய்க் கோளமாகத் திரளத் தொடங்கியிருக்கும். குழம்பில் கலக்கும்போது சுழல் கலக்கியைத் தொடாதீர்கள், கசையிழைகள் முறிந்துபோகும். அகன்ற முனைப் பைப்பெட்டால் மெதுவாகக் கலக்கி, 600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி 0.1 வரும்படி எல்லாத் திரிபுகளையும் சமப்படுத்துங்கள். அதில் 1 மைக்ரோலிட்டரை அகாரின் உள்ளே, பாதி ஆழத்தில் குத்திச் செலுத்த வேண்டும். மேற்பரப்பில் சொட்டினால் அங்கேயே படர்ந்துவிடும். ஒரு தட்டில் மூன்று குத்தலுக்கு மேல் வேண்டாம். ஆன்டிபயாட்டிக்கையும் இந்த ஊடகத்தில் சேர்க்காதீர்கள். இயல்புத் திரிபும் அதே தட்டில் வளர வேண்டுமே.

24 மணி நேரத்தில் விட்டத்தை இரு திசைகளில் அளந்து சராசரி எடுங்கள். வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அந்தத் தட்டு கணக்கில் சேராது. தனித்தனி நாளில் வளர்த்த மூன்று வளர்ப்புகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டுகள். ஒரே வளர்ப்பிலிருந்து ஒன்பது தட்டு போட்டால் அது ஒரே அளவீடுதான். 37 டிகிரியிலும் 42 டிகிரியிலும் செய்யுங்கள். முன்னது மனித உடலின் வெப்பம், பின்னது கோழியின் உடல் வெப்பத்துக்கு நெருக்கமானது. சுவாச நொதிகளின் விளைவு வெப்பத்துக்கும் ஆக்சிஜன் அளவுக்கும் தக்க மாறக்கூடியது.

பலரும் தடுமாறும் இடம் தட்டுகளை வைத்து வளர்க்கும் ஜாடிக்குள் இருக்கும் வாயு. சிலிண்டருக்குப் பதில் ஜாடிக்குள் வைக்கும் வாயுப் பைகளில் சில ஹைட்ரஜனை வெளிவிடும். கிருமியின் ஹைட்ரஜனேஸ் என்ற நொதி அதை எரித்து எலக்ட்ரான் கொடுத்தால், ஃபார்மேட் நொதி இல்லாத குறை மறைந்துபோகும். ஒரு வாரம் பையும் மறுவாரம் சிலிண்டரும் மாற்றிப் பயன்படுத்தியவர்களின் முடிவுகள் ஒத்துப்போகாததில் வியப்பில்லை.

வட்டம் ஏன் சிறுத்தது?

முதலில் அதே குழம்பில், அதே வெப்பத்தில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை எடுத்து வளர்ச்சிக் கோடு வரையுங்கள். வளர்ச்சி ஒத்திருந்து வட்டம் மட்டும் சிறுத்திருந்தால்தான் மேலே போக வேண்டும். அடுத்து ஒரு சொட்டை உடனே கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். திருகாணிபோல் சுழன்று பாய்கிறதா, இருந்த இடத்தில் நடுங்குகிறதா? இழையே இல்லையா என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் சொல்லும். இந்தக் கிருமியின் இழை மரபணுக்கள் சில தாமாகவே அணைந்து எரியும் இயல்புடையவை. பல முறை மாற்றி வளர்த்த திரிபு நொதிக்குச் சம்பந்தமே இல்லாமல் நீச்சலை இழந்திருக்கலாம். திருப்பிச் செருகிய திரிபு உங்களைக் காப்பாற்றுவது இங்கேதான்.

இழை இருக்கிறது, வளர்ச்சியும் சரி என்றால், மீதி இரண்டு: விசை போதவில்லை, அல்லது திசை தெரியவில்லை. கேம்பிலோபாக்டர் தன் சுவாசம் எங்கே செழிக்கிறதோ அந்தப் பக்கம் நகரும். மென் அகார் வட்டமே, கிருமி சுற்றியுள்ள உணவைத் தின்று தானே உண்டாக்கிய சரிவில் வெளியே நகர்வதால் விரிவதுதான். ஊடகத்தில் 20 மில்லிமோலார் சோடியம் ஃபார்மேட் (லிட்டருக்கு 1.36 கிராம்) சேர்த்த தட்டும் சேர்க்காத தட்டும் அருகருகே வையுங்கள். ஃபார்மிக் அமிலத்தை ஊற்றிவிடாதீர்கள், அமிலத்தன்மை மாறி எல்லாமே கெடும். இயல்புத் திரிபின் வட்டம் ஃபார்மேட்டால் மாறி, நீக்கிய திரிபினுடையது அசையாமல் இருந்தால், நீச்சலுக்கு ஃபார்மேட் எரிப்பு பயன்படுகிறது என்று சொல்ல இடமுண்டு.

தொற்றுக்கு வரும்போது

குடல் செல் அடுக்கின்மேல் ஒரு செல்லுக்கு 100 கிருமி வீதம் விட்டு, 3 மணி நேரம் கழித்துக் கழுவி, செல்லுக்கு வெளியே உள்ள கிருமிகளைக் கொல்ல ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் 2 மணி நேரம் கொடுத்து, டிரைட்டான் என்ற சோப்பு போன்ற கரைசலால் செல்களை உடைத்து உள்ளே நுழைந்தவற்றை எண்ணுவது வழக்கமான முறை. சோதனைக்கு முன் ஒவ்வொரு திரிபும் அந்த மருந்தில் சாகிறதா என்று பாருங்கள்; எதிர்ப்பு மரபணு சுமக்கும் திரிபில் இதைத் தவிர்த்தால் எண்ணிக்கை பொய்யாகும். இதே சோதனையை இரண்டு வரிசையாகச் செய்யுங்கள்: ஒன்றில் கிருமியைத் தானாக நீந்தி வர விடுங்கள், மற்றதில் மெதுவான மையவிலக்கால் 5 நிமிடம் செல்களின்மேல் இறக்கிவிடுங்கள். இறக்கியதும் நீக்கிய திரிபு இயல்புத் திரிபுக்கு நிகராக நுழைந்தால் குறை நீச்சலில். இறக்கிய பிறகும் நுழையாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும்.

செல்லுக்குள் போன கேம்பிலோபாக்டர் தன் சுவாசத்தை மாற்றிக்கொள்கிறது. ஆக்சிஜன் மிகக் குறைந்த சூழலில் முதலில் வளர்த்தால்தான் அது தட்டில் மீண்டு வரும் என்று 2008இல் காட்டப்பட்டது. ஆகவே உடைத்த கரைசலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வழக்கமான வாயுவிலும் மறு பாதியை முதலில் ஆக்சிஜன் மிகக் குறைந்த சூழலிலும் வளர்த்து எண்ணுங்கள். வழக்கமான வாயுவில் மட்டும் எண்ணினால், உள்ளே உயிரோடு இருப்பவை செத்தவையாகக் கணக்கில் ஏறும். சுவாச நொதி நீக்கிய திரிபில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகலாம்.