ஈரம் பார்த்து யூரியா

முத்தையன்கட்டு வாய்க்காலின் கடைசியில் என் வயல். மேலே பிஜி 300 நெல், கீழே மொட்டைக்கறுப்பன் என்ற பழைய நெல். இரண்டுக்கும் ஒரே நாளில் யூரியா எறிவதை விட்டுவிட்டேன்.

தண்ணீர் நிற்கும் மண்ணில் யூரியாவின் நைதரசன் அமோனியமாகத் தங்கும், நெல் அதை நன்றாக எடுக்கும். மண் காய்ந்தால் நைத்திரேற்றாக மாறும். திரும்பத் தண்ணீர் கட்டினால் வாயுவாகிப் போய்விடும். ஒரு காலபோகத்தில் (மழைக்கால நெற்பருவம்) மழை விட்டுவிட்டுப் பெய்து, எறிந்ததில் பாதிகூடப் பயிருக்குச் சேரவில்லை என்றே நினைக்கிறேன். பயிர் மஞ்சளாகவே நின்றது.

சரி, என்ன செய்யலாம்? தண்ணீர் முறை வரும் நாளுக்கு முன், சேற்று ஈரத்தில் எறியுங்கள். உடனே மெல்லிதாகத் தண்ணீர் கட்டி, சில நாள் காயவிடாதீர்கள்.

பிஜி 300 மூன்று மாத நெல். மட்டம் வெடிக்கும்போது, அதாவது பக்கத் தண்டுகள் விடும்போது, ஈரமும் உரமும் தவறினால் ஈடுகட்ட அதற்கு நாளில்லை. ஆகவே முதல் தண்ணீர் அதற்கே. மொட்டைக்கறுப்பன் நெடியது, விளையும் நாளும் அதிகம். அது பொறுக்கும், ஆனால் யூரியா கூடினால் சாய்ந்துவிடும். நான் அரைவாசிதான் போடுகிறேன்.

உங்கள் நெல் மண் காய்வதைப் பொறுக்குமா என்று தெரியாவிட்டால், காய்ந்த கிழமையில் ஒரு குத்தை மண்வெட்டியால் தோண்டிப் பாருங்கள். வேர் அடியீரத்தைத் தொட்டிருந்தால் அங்கிருக்கும் நைதரசனும் அதற்குக் கிடைக்கும்.