சப்வூஃபர் கொழுவும்போது நான் விட்ட பிழைகளை நீங்களும் விடாதீர்கள்

போன கிழமை புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு பெடியன் அம்பை (ஆம்ப்ளிஃபையரை) மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வந்தான். "அண்ணை, சப் கொழுவினனான், கருகின மணம் வருது" என்றான். சப் என்றால் பேஸை மட்டும் அடிக்கிற சப்வூஃபர் பெட்டி. மூடியைக் கழற்ற முதலே காரணம் தெரிந்துவிட்டது. நானும் அதே பிழையை விட்டவன்தான்.

சிவப்பு, கறுப்பு வயரை மாற்றிக் கொடுக்கிற பிழையைப் பற்றி இங்கே பேசவில்லை.

ஸ்பீக்கர் வயரை ஆர்சிஏ ஓட்டைக்குக் கொடுப்பது

அம்பில் சப் அவுட் (சப்புக்கென்று தனி ஓட்டை) இல்லையென்றால் நம்மவர்கள் ஆர்சிஏ வயரை (டிவியில் சிவப்பு, வெள்ளையாகக் குத்துவது) நடுவில் வெட்டி, பிளேட்டால் தோலுரித்து, ஸ்பீக்கர் முனையில் முறுக்கிவிடுவார்கள். டேப் மட்டும் வடிவாகச் சுற்றியிருக்கும்! சப்பின் லைன் இன் (அந்த ஆர்சிஏ ஓட்டை) ஒன்றிரண்டு வோல்ட்டுக்குத்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் போகும்போது அந்த முனையில் 20 வோல்ட். சப் தாங்கினாலும் சத்தம் உடைந்துதான் வரும்.

அம்புக்கு வருவது அதைவிட மோசம். இப்போது வரும் சின்ன டிஜிட்டல் அம்புகள் பலவற்றில் கறுப்பு முனை கிரவுண்ட் (பூச்சிய வோல்ட்) இல்லை. 24 வோல்ட் அடாப்டரில் ஓடுவதென்றால் கறுப்பிலும் 12 வோல்ட் நிற்கும், பாட்டும் ஓடும். இடது, வலது கறுப்பு இரண்டும் சப்புக்குள் ஒரே கிரவுண்டில் சேர்ந்தால் ஷோர்ட். பாதுகாப்புள்ள ஐசி (அம்பின் சிப்) நின்றுவிடும், இல்லாதது புகையும்.

நான் எரித்தது அத்தானின் அம்ப். ஐசி தேடி வவுனியாவரை போனேன். அத்தான் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கும் சப் அடித்தால் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்.

சரி, என்ன செய்வது? ஃபோனிலிருந்தோ டிவியிலிருந்தோ வரும் ஆர்சிஏயை Y வடிவ வயரால் இரண்டாகப் பிரித்து, ஒன்றை அம்புக்கும் மற்றதைச் சப்புக்கும் கொடுங்கள். சத்தத்தை ஃபோனில் கூட்டிக் குறையுங்கள். சில நூறு ரூபாவோடு முடிகிற வேலை.

இரண்டு இடத்தில் கட் பண்ணுவது

ரிசீவரில் (ஹோம் தியேட்டர் அம்பில்) 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்புக்குப் பிரித்து வைத்தால், அதே வேலையைச் செய்கிற சப்பின் கிராஸ்ஓவர் திருகை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

மூலையில் வைப்பது

பேஸ் கூடும், ஆனால் குழம்பும். தகரக் கூரை வீடென்றால் பாட்டைவிடத் தகரம்தான் கூடப் பாடும்.

இரைச்சலுக்கு எர்த் பின்னை வெட்டுவது

வேண்டாம். அம்பையும் சப்பையும் ஒரே பிளக் பேஸில் குத்திப் பாருங்கள்.