டெக்னிக்கல் கேமராவுக்கு லேசர் தொலைவுமானி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஆல்பா, காம்போ, ஆர்கா-ஸ்விஸ் போன்ற டெக்னிக்கல் கேமராக்களில் ஆட்டோஃபோகஸ் கிடையாது. லென்ஸ் வழியாகப் பார்க்கும் வியூஃபைண்டரும் கிடையாது. முன்னால் ஒரு லென்ஸ், பின்னால் ஒரு டிஜிட்டல் பேக் (சென்சார் உள்ள பின்பெட்டி), இரண்டையும் இம்மியும் பிசகாமல் இணையாகப் பிடித்து நிறுத்தும் ஓர் உலோகச் சட்டம், இவ்வளவுதான் அந்தக் கேமரா. பேக்கைக் கழற்றிவிட்டு கிரவுண்ட் கிளாஸ் எனும் மங்கலாக்கிய கண்ணாடித் திரையைப் பொருத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து லூப் எனும் உருப்பெருக்கியை வைத்துப் பார்க்கலாம் என்றாலும், ஏறத்தாழ 53 மி.மீ. அகலமும் 40 மி.மீ. உயரமும் உள்ள அந்தச் சிறு பரப்பில், அகலக்கோண லென்ஸ் தரும் மங்கலான பிம்பத்தைக் கொண்டு கூர்மையை உறுதி செய்வது மிகக் கடினம். 2014இல் நடுத்தர வடிவப் பேக்குகளுக்கு சிமாஸ் சென்சார் வந்த பிறகு, பிம்பத்தை எடுக்கும் முன்பே திரையில் காட்டும் லைவ் வியூ பெருமளவு கைகொடுக்கிறது. இருந்தாலும், பழைய சிசிடி வகைச் சென்சார் உள்ள பேக்கை வைத்திருப்பவர்களுக்கும், இருண்ட உள்ளறைகளில் வேலை செய்பவர்களுக்கும், ஒரே நாளில் ஒரு கட்டடத்தின் இருபது முப்பது கோணங்களை எடுத்து முடிக்க வேண்டியவர்களுக்கும், லேசர் தொலைவுமானியால் தொலைவை அளந்து அந்த எண்ணை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தில் வைத்துவிடுவதே விரைவான, நம்பகமான வழி.

கடைக்குப் போனால் விற்பனையாளர் முதலில் சொல்வது துல்லியத்தைப் பற்றித்தான்: இந்தக் கருவி ஒரு மி.மீ. வரை சரியாக அளக்கும், அது இரண்டு மி.மீ. வரை பிசகும், ஆகவே இதன் விலை அதிகம் என்பார். நமது வேலைக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டே அல்ல. ஏன் என்பதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால், எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பது தெளிவாகிவிடும்.

ஒரு பொருளுக்கு ஃபோகஸ் வைக்க, லென்ஸை முடிவிலி நிலையிலிருந்து எவ்வளவு முன்னே நகர்த்த வேண்டும் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு. குவியத் தொலைவின் வர்க்கத்தை, பொருளின் தொலைவிலிருந்து குவியத் தொலைவைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் போதும். 70 மி.மீ. லென்ஸில் 10 மீட்டர் தொலைவுக்கு இது ஏறத்தாழ 0.49 மி.மீ.; 50 மீட்டருக்கு 0.1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. மறுபுறம், 5 மைக்ரான் மங்கல் வட்டம் (ஒரு புள்ளி சென்சாரில் இவ்வளவு பரவினாலும் கூர்மையாகவே கொள்ளலாம் என்ற வரம்பு) என்ற கடுமையான அளவுகோலை வைத்துக்கொண்டால்கூட, எஃப் 8 துளையில் சென்சார் தளத்துக்கு இருபுறமும் 0.04 மி.மீ. வரை பிழைக்கு இடம் இருக்கிறது. இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். இதே லென்ஸில் 2 மீட்டரில் உள்ள பொருளை அளக்கும்போது 3 மி.மீ. பிழை நேர்ந்தால், ஃபோகஸ் நிலையில் அது 0.004 மி.மீ. அளவுக்கே பிசகும்; அதாவது அனுமதிக்கப்பட்ட பிழையில் பத்தில் ஒரு பங்கு. 10 மீட்டரில் 10 செ.மீ. தவறினாலும் 0.005 மி.மீ.தான். ஆகவே சந்தையில் உள்ள தரமான கட்டடவேலைக் கருவி எதுவானாலும், அதன் துல்லியம் நமக்குத் தேவையானதைவிட மிக அதிகம்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நண்பகல் வெயிலில், கருங்கல் சுவர் ஒன்றிலிருந்து அந்தக் கருவி அளவைத் திருப்பித் தருமா, தந்தாலும் அது எந்தப் புள்ளியின் அளவு என்று நமக்குத் தெரியுமா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பெட்டியின் மேல் 50 மீட்டர், 80 மீட்டர் என்று அச்சிட்டிருக்கும் எண், வெள்ளைச் சுவர் போல ஒளியை நன்றாகத் திருப்பும் பரப்பையும் மங்கலான சூழல் ஒளியையும் கருதிக் கொடுக்கப்படுவது. வெளியில் நிலைமை தலைகீழ். கருவி அனுப்புவது ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவான ஆற்றலுள்ள ஒளிக்கற்றை. அதில் ஒரு சிறு பகுதியே திரும்பி வருகிறது, அதையும் சூரிய ஒளியின் இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. நான் முதலில் வாங்கிய மலிவுக் கருவியின் பெட்டியில் 60 மீட்டர் என்று போட்டிருந்தது. வெயில் விழுந்த ஒரு செங்கல் முகப்பின் முன் நின்று அளந்தபோது 15 மீட்டரைத் தாண்டியதும் திரையில் பிழைக்குறி மட்டுமே வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் விதி, தேவைப்படும் தொலைவைப்போல இரண்டரை மடங்காவது பெட்டியில் இருக்க வேண்டும் என்பதுதான்.

தேவைப்படும் தொலைவு எவ்வளவு என்பதை உங்களிடம் உள்ள மிக நீண்ட லென்ஸ் தீர்மானிக்கிறது. அதே 5 மைக்ரான் அளவுகோலில், எஃப் 11 துளையில், 40 மி.மீ. லென்ஸுக்கு ஹைப்பர்ஃபோகல் தொலைவு (முடிவிலிக்கு ஃபோகஸ் வைத்தாலும் கூர்மையாக இருக்கும் மிக அருகிலான தொலைவு) சுமார் 29 மீட்டர்; 70 மி.மீ. லென்ஸுக்கு சுமார் 89 மீட்டர். அதற்கு அப்பால் உள்ளவற்றுக்கு வளையத்தை முடிவிலியில் நிறுத்திவிடலாம், அளக்கவே வேண்டாம். ஆகவே 32, 40 மி.மீ. லென்ஸ்களோடு நிற்பவர் 80 மீட்டர் கருவியோடு நிம்மதியாக இருக்கலாம். 70 அல்லது 90 மி.மீ. லென்ஸை வெளிப்புறத்தில் அதிகம் பயன்படுத்துபவர் 150, 200 மீட்டர் வகைகளைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்வியே நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. ஒரு நீண்ட தூண் வரிசையைப் படமெடுக்கும்போது, ஏறத்தாழ 40 செ.மீ. அகலமுள்ள ஒரு தூணில் ஃபோகஸ் வைக்க வேண்டியிருந்தது. கருவியைக் கையில் பிடித்து அழுத்தினேன், 18.96 மீட்டர் என்றது. அந்த எண்ணையே வளையத்தில் வைத்துப் படத்தை எடுத்தேன். பேக்கின் சிறு திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. சந்தேகத்தின் பேரில் கருவியைத் தூணின் நடுவில் முட்டுக்கொடுத்து மறுபடி அழுத்தினால் 11.42 மீட்டர். முதல்முறை ஒளிப்புள்ளி தூணின் விளிம்பைத் தாண்டிப் பின்சுவரில் போய் விழுந்திருக்கிறது. அந்தத் தொலைவில் கை ஒரு பாகை அசைந்தாலே புள்ளி 20 செ.மீ. நகர்ந்துவிடும், அது அந்தத் தூணின் பாதி அகலம். 70 மி.மீ. லென்ஸில் இந்த இரு தொலைவுகளுக்கும் இடையே 0.17 மி.மீ. வேறுபாடு இருக்கிறது, அனுமதிக்கப்பட்ட பிழையைப்போல நான்கு மடங்கு. ஒரு மி.மீ. துல்லியம் என்ற விளம்பரம் இந்த இடத்தில் எந்த உதவியும் செய்யவில்லை.

பகல் வெளிச்சத்தில் சிவப்புப் புள்ளி பத்து மீட்டருக்கு அப்பால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. பச்சை லேசர் கண்ணுக்குக் கூடுதல் பிரகாசமாகத் தெரியும் என்பது உண்மை. நல்ல வெயிலில் அதுவும் சில மீட்டர்களையே கூட்டித் தரும். ஆகவே வெளியில் வேலை செய்பவர் வாங்க வேண்டியது, உள்ளேயே ஒரு சிறு கேமராவும், இலக்கைப் பெரிதாக்கித் திரையில் குறுக்குக்கோட்டோடு காட்டும் வசதியும் உள்ள கருவி. லைக்கா டிஸ்டோ வரிசையில் டி5 இந்த வசதியோடு வந்தது. அதற்குப் பின் வந்த டி510 நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், 200 மீட்டர் வரை அளக்கும், தூசிக்கும் தண்ணீர்த் தெறிப்புக்கும் தாங்கும். பாஷ் நிறுவனத்தின் ஜிஎல்எம் 120 சி கருவியிலும் கேமரா உண்டு. அதன் எல்லை 120 மீட்டர். பழைய மாதிரியைப் பயன்படுத்தியவர்களிடமிருந்து வாங்கினாலும் தவறில்லை. திரை வெயிலில் படிக்கக்கூடியதாக இருக்கிறதா, குறுக்குக்கோடு காட்டும் இடத்தில்தான் புள்ளி விழுகிறதா என்பதை மட்டும் நிழலில் ஒரு சுவரில் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து, அடிப்பகுதியில் முக்காலித் திருகுக்கான துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் சிறு பந்துத்தலை ஒன்றின் மூலம் கருவியைக் கேமராவின் மேலேயே பொருத்திவிடலாம். கை நடுக்கம் என்ற பிரச்சினையே ஒழிந்துவிடும். ஒளிப்புள்ளியின் விட்டமும் தொலைவோடு வளர்கிறது என்பதை மறக்க வேண்டாம். டிஸ்டோ கருவிகளில் 10 மீட்டரில் 6 மி.மீ. இருப்பது 50 மீட்டரில் 30 மி.மீ. ஆகிவிடும். மெல்லிய கம்பி, மரக்கிளை, இலைக் கொத்து போன்றவற்றில் புள்ளியின் ஒரு பகுதி முன்னேயும் மறுபகுதி பின்னேயும் விழுந்து, இரண்டுக்கும் பொருந்தாத ஓர் எண் வந்து சேரும். கண்ணாடி, தண்ணீர், பளபளக்கும் கறுப்புக் கிரானைட் ஆகியவையும் இப்படியே ஏமாற்றும். அத்தகைய இடங்களில் அதே தொலைவில் உள்ள சட்டம், தூண், தரை விளிம்பு எதையாவது அளப்பது நல்லது.

கருவி எங்கிருந்து அளக்கிறது என்பது அடுத்த செய்தி. பெரும்பாலானவை இயல்பாகத் தம் பின்விளிம்பிலிருந்து அளக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் முன்விளிம்புக்கு மாறும், சிலவற்றில் முக்காலித் துளைக்கும் மாற்றலாம். கருவியின் நீளம் ஏறத்தாழ 14 செ.மீ. இருக்கும். 2 மீட்டர் தொலைவில், 70 மி.மீ. லென்ஸில், இந்த 14 செ.மீ. குழப்பம் 0.17 மி.மீ. பிசகை உண்டாக்கும். லென்ஸ் வளையத்தின் எண்கள் பொதுவாகச் சென்சார் தளத்திலிருந்து கணக்கிடப்படுகின்றன. ஆகவே கருவியின் பின்விளிம்பைச் சென்சார் தளத்துக்கு நேராக வைத்து அளக்கப் பழக வேண்டும். எந்த விளிம்பு தேர்வாகியிருக்கிறது என்பதைத் திரையில் பெரிதாகக் காட்டும் கருவியையே நான் விரும்புவேன்.

சாய்வுமானி உள்ள கருவிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது. ஃபோகஸ் தளம் லென்ஸ் அச்சுக்குச் செங்குத்தாக நிற்பது. கருவி அளப்பதோ சாய்ந்த நேர்க்கோட்டுத் தொலைவை. 10 மீட்டர் தள்ளியுள்ள முகப்பின் உச்சியை 40 பாகை மேல்நோக்கிக் குறிவைத்தால் திரையில் 13.05 மீட்டர் வரும். மட்டமாக நிற்கும் கேமராவின் வளையத்தில் வைக்க வேண்டியதோ 10 மீட்டர்தான். சாய்வுமானி இருந்தால் கிடைமட்டத் தொலைவைக் கருவியே கணக்கிட்டுத் தந்துவிடும். பக்கவாட்டுச் சாய்வை இது திருத்தாது என்பதால், இடவலமாகக் குறிவைப்பதைத் தவிர்த்து, கேமரா பார்க்கும் திசையிலேயே அளக்க வேண்டும். லென்ஸை டில்ட் செய்யும்போது ஃபோகஸ் தளமே சாய்ந்துவிடுவதால் இந்த எளிய முறை செல்லாது. அங்கே லைவ் வியூதான் துணை.

கோல்ஃப் ஆட்டக்காரர்கள் பயன்படுத்தும் தொலைவுமானியை வாங்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அதில் தொலைநோக்கி போலக் கண்ணை வைத்துக் குறிபார்க்க முடியும், வெயிலிலும் நூறு மீட்டரைத் தாண்டி அளக்கும். ஒரு மீட்டர் வரை பிசகினாலும், 60 மீட்டரில் 70 மி.மீ. லென்ஸுக்கு அது 0.0014 மி.மீ.க்கு மேல் போகாது. ஆனால் 10 மீட்டரில் அதே ஒரு மீட்டர் பிழை 0.05 மி.மீ. ஆகி, எல்லையைத் தாண்டிவிடும். நிலக்காட்சி மட்டுமே எடுப்பவருக்கு அது போதும். கட்டடம் எடுப்பவருக்குப் போதாது.

முன்னும் பின்னுமாக உள்ள இரு பொருள்களும் ஒரே அளவு கூர்மையாக வர வேண்டுமானால், இரண்டையும் அளந்து, இரு தொலைவுகளின் பெருக்கத்தை இரட்டித்து அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால், ஃபோகஸ் வைக்க வேண்டிய இடம் கிடைக்கும். 4 மீட்டருக்கும் 20 மீட்டருக்கும் அது 6.67 மீட்டர். இதற்கு, கடைசி இரண்டு மூன்று அளவுகளைத் திரையில் வைத்திருக்கும் கருவி உதவும்.

வாங்கும் முன், உங்கள் லென்ஸ் வளையம் உண்மை சொல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நாடா வைத்துச் சரியாக 3 மீட்டரில் ஓர் அச்சிட்ட தாளை மாட்டி, துளையை முழுதும் திறந்து, வளையத்தை 3 மீட்டரிலும் அதன் இருபுறமும் சிறிது நகர்த்தியும் ஐந்தாறு படங்கள் எடுங்கள். தொலைவில் உள்ள கோபுரம் ஒன்றை முடிவிலி நிலையில் வைத்து இதையே செய்யுங்கள். மிகக் கூர்மையான படம் வளையத்தின் எண்ணோடு பொருந்தவில்லை என்றால், பேக்குக்கும் கேமராவுக்கும் இடையே மெல்லிய தகடுகளை வைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஆர்கா-ஸ்விஸில் வளையம் கேமரா உடலிலேயே இருப்பதால், தொலைவை வளைய எண்ணாக மாற்ற ஒவ்வொரு லென்ஸுக்கும் தனி அட்டவணை வேண்டும். இந்தச் சோதனையில் கண்ட திருத்தத்தையும் அதே அட்டையில் எழுதி, கருவியின் உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொலைவுமானிகளில் இருப்பவை இரண்டாம் வகுப்பு லேசர்கள், அதாவது ஆற்றல் குறைந்தவை என்றாலும் கண்ணால் உற்றுப் பார்க்கக் கூடாதவை. தெருவில் அளக்கும்போது ஆட்களின் முகத்துக்கும் வாகனங்களுக்கும் நேரே பிடிக்காமல், ஆள் கடந்து போகும்வரை விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிடுங்கள்.